தாய்லாந்து வேலை எண்டு காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

எனக்கு நடந்ததைத்தான் எழுதுறன், முறைப்பாடு குடுத்திருக்கு, அதால பேர் போடேல்லை. பரந்தனில ஒரு தேத்தண்ணிக் கடையில வைச்சுத்தான் என்னை அனுப்பின ஏஜென்டைச் சந்திச்சனான். பிறத்தி ஆள் இல்லை, என்னோட ஓஎல் படிச்சவன்ர மச்சான், அதாலதான் அப்பா லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை வித்து அக்கான்ர தாலிக்கொடியையும் அடகு வைச்சு ஒன்பது லட்சம் எண்ணிக் குடுத்தவர். ரசீது கேட்டதுக்கு "எங்கட ஆக்களுக்குள்ள என்ன தம்பி ரசீது" எண்டார்.

ஹோட்டலில கொம்பியூட்டர் வேலையாம். இன்டர்வியூவில ரைப்பிங் ஸ்பீட் மட்டும்தான் பாத்தாங்கள், ஹோட்டலுக்கு ஏன் இவ்வளவு ரைப்பிங் எண்டு அப்ப உறைக்கேல்லை. கட்டுநாயக்காவில கேட்டால் சுத்திப் பாக்கப் போறன் எண்டு சொல்லு, வேலை எண்டு வாயே திறக்காத எண்டு மூண்டு தரம் சொல்லி அனுப்பினவர். அந்த இடத்தில நான் திரும்பியிருக்கோணும்.

பாங்கொக்கில இறங்கினதும் வானில ஏத்தி ஒரு ராத்திரி முழுக்க ஓட்டம், விடியப்புறம் மே சொட் எண்ட எல்லை ஊர், அதில ஒரு ஆறு, படகில ஏறி இருக்க முதலே அக்கரை வந்திட்டுது. அது மியன்மார், மியாவடி. துவக்கோட நிண்டவங்கள் பாஸ்போட்டை வாங்கிட்டாங்கள்.

மேசையில எட்டுப் போன், ஒவ்வொண்டிலயும் ஒரு வடிவான பொம்பிளைப் படம். அந்தப் பொம்பிளை நான்தான். அமெரிக்காவில தனிய இருக்கிற வயசான ஆக்களோட காதல் கதைச்சு கிரிப்டோவில காசு போட வைக்கோணும், நாளுக்கு பதினாறு மணித்தியாலம், டார்கெட் வராட்டி கரண்ட் அடிப்பாங்கள். வீட்ட போகோணும் எண்டன். சீன மனேஜர் போனில ட்ரான்ஸ்லேட் பண்ணிக் காட்டினான்: "உன்னை ஐயாயிரம் டொலருக்கு வாங்கினது. அதைக் கட்டிட்டுப் போ." அப்பதான் விளங்கினது, அப்பாட்டயும் வாங்கி, என்னை வித்தும் வாங்கியிருக்கிறாங்கள்.

2025 மாசியில தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குக் கரண்டையும் எண்ணெயையும் நிப்பாட்டின பிறகு ஆயிரக்கணக்கான ஆக்களை வெளியில விட்டாங்கள், அதில நானும் ஒருத்தன். லாண்ட்மாஸ்டர் போனது போனதுதான், கொடி இன்னும் பாங்கில கிடக்கு.

காசு குடுக்க முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 எண்ட நம்பருக்குப் போன் அடிச்சு, அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கோ, அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கோ எண்டு ரெண்டையும் கேளுங்கோ. லைசன்ஸை மட்டும் கேட்டிட்டு விட்டிடாதேங்கோ. அம்பிட்டுக் கொண்டால் "நாங்களும் விரும்பித்தானே போனம்" எண்டு வெக்கப்பட்டுப் பேசாமல் இருக்கவும் வேண்டாம், ஏமாத்திக் கொண்டுபோய் இப்பிடி வேலை வாங்கினால் அது ஆட்கடத்தல், தண்டனைச் சட்டக்கோவை 360சி, 2 வருசத்தில இருந்து 20 வருசம் வரைக்கும் மறியல்.

அந்தாள் இப்ப லாவோஸ் எண்டு ஆள் சேக்கிறாராம். விசுவமடுப் பக்கம் ரெண்டு பெடியள் பாஸ்போட் கொப்பி குடுத்திட்டினம் எண்டு நேற்றுக் கேள்விப்பட்டன். அவையின்ர வீட்டுக்காரர் ஆரும் இதைப் பாத்தால் இன்பொக்ஸுக்கு வாங்கோ, எந்த நேரமெண்டாலும் பரவாயில்லை.