கியர் பாக்ஸை இறக்கச் சொல்லும் முன்: பழைய காரோடு பெங்களூரில்

2006 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து கியர், ஹைட்ராலிக் கிளட்ச் (பெடலின் அழுத்தத்தைக் கேபிளுக்குப் பதில் ஒரு திரவம் கடத்தும் வகை). பெங்களூரில் இன்னும் இதைத்தான் ஓட்டுகிறேன். வாரநாட்களில் மடிவாளா, சில்க் போர்டு தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி. ஊருக்குப் போனால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பிறகு தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம். சில்க் போர்டு நெரிசலில் கிளட்ச் ஓயாமல் உழைக்கும். தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரில் வண்டியை வேகமெடுக்காமல் பிடித்து வைப்பது கியர் பாக்ஸ். இந்த இரண்டில் எது படுத்துகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பழைய கார் வைத்திருப்பவருக்குப் பெரிய செலவு மிச்சம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்த தொல்லை இது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது எல்லாக் கியரும் நன்றாக விழும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வண்டி சூடானதும், சிக்னலில் நின்றால் ஃபர்ஸ்ட் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் பல் தேய்கிற மாதிரி கத்தும். காட்டிய முதல் ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார், இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டிக்குள் ஏதாவது உடைந்திருந்தால் காலையில் மட்டும் எப்படி ஒழுங்காக விழும்?

வில்சன் கார்டன் பக்கம் ஒரு தமிழ் மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியைச் சூடாக்கிக்கொண்டே அவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே, "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரை போட்டுப் பாருங்க சார்" என்றார். வெண்ணெயாக விழுந்தது. ஸ்டார்ட் செய்து போட்டால் மறுபடியும் முரண்டு. "அப்போ பாக்ஸ் மேல தப்பு இல்ல. கிளட்ச் கட் ஆகலை."

காரணம் எளிது. கிளட்சை மிதித்தால் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டுக்கும் (இன்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) தொடர்பு முழுவதும் அறுபட வேண்டும். அரைகுறையாக அறுந்தால் ஷாஃப்டு சுழன்றுகொண்டே இருக்கும், அதனால் கியர் விழ அடம்பிடிக்கும். இன்ஜின் ஆஃப் ஆனால் சுழற்றுவதற்கு ஒன்றும் இல்லை, விழுந்துவிடும். ஆஃப் செய்தும் கடினமாக இருந்தால்தான் கியர் லிவர், அதன் கேபிள் அல்லது லிங்கேஜ் புஷ், பெட்டியின் உள்பக்கம் என்று தேட வேண்டும்.

ரிவர்ஸை வைத்தும் இதை உறுதி செய்யலாம். பல பழைய கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் விழும்முன் வேகங்களைச் சமன்படுத்தும் அமைப்பு) கிடையாது. நியூட்ரலில் ஐடிலிங்கில் கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக இருந்தால் அதற்குள் ஷாஃப்டு நின்றிருக்கும், சத்தமே வராது. பொறுத்துப் போட்டும் கத்தினால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுதாகக் கட் ஆகவில்லை என்று பொருள்.

அடுத்து அண்ணன் பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டுப் போடச் சொன்னார். சட்டென்று விழுந்தது. ஹைட்ராலிக் கிளட்சில் இது ரொம்பத் தெளிவான அடையாளம்: லைனில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் சீல் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிக் காட்டினார், உள்ளே ஈரம். டப்பாவில் இருந்த ஃப்ளூயிட் கறுத்துப்போயிருந்தது. கிளட்சுக்கும் பிரேக் ஃப்ளூயிட்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான், ஆனால் பிரேக்குக்கு மாற்றுகிறவர்கள்கூட கிளட்சை மறந்துவிடுவார்கள்.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில், பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இரண்டையும் சேர்த்தே வாங்கினேன். ஒரே வயதுள்ள சீல்கள், ஒன்று போனால் மற்றது ரொம்ப நாள் தாங்காது. மாற்றி, லைனில் இருந்த காற்றை வெளியேற்றியதும் பெடல் பழையபடி மேலேயே பிடித்தது. கியர் பாக்ஸில் யாரும் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்கால நெரிசலைப் பார்த்தாயிற்று, அந்தத் தொல்லை திரும்பவில்லை.

கேபிள் கிளட்ச் உள்ள வண்டியென்றால் அட்ஜஸ்டரையும் பெடலின் ஃப்ரீ ப்ளேயையும் (கிளட்ச் வேலை தொடங்கும்முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) பாருங்கள், கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று முனையில் தடவிப் பாருங்கள். எந்த வண்டியானாலும் பெடலுக்கு அடியில் மேட் மடிந்து கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெடல் முழுதாக இறங்காவிட்டால் கிளட்ச் முழுதாகக் கட் ஆகாது.

இரண்டாவது தொல்லை வேறு ரகம். டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் செகண்ட் கியர் மட்டும், அதுவும் அவசரமாகப் போட்டால் மட்டும், லேசாகக் கீறும். சூடானதும் சரியாகிவிடும். எல்லாக் கியரும் படுத்தினால் கிளட்சைப் பார்க்கலாம். ஒரே ஒரு கியர் என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ ரிங். மாற வேண்டிய இரண்டு வேகங்களை உரசிச் சமன்படுத்துவது அந்த ரிங்தான், பெரும்பாலும் பித்தளை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வேக வித்தியாசம் அதிகம் என்பதால் நகர வண்டியில் செகண்ட் ரிங்தான் முதலில் தேயும். நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் போட்டால் வேகங்கள் அதற்குள் நெருங்கிவிடும், கீறல் இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

இங்கே கியர் ஆயில் முக்கியம். என் வண்டியின் மேனுவல் 75டபிள்யூ-90 (ஆயிலின் தடிமன்), ஜிஎல்-4 (அதன் வகை) என்கிறது. முன்பு யாரோ ஜிஎல்-5 ஊற்றியிருந்தார்கள். உயர்ந்த எண் என்றால் உயர்ந்த ஆயில் என்று நினைப்பவர்கள் நிறைய. ஜிஎல்-5 அதிக அழுத்தம் தாங்குகிற டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பகுதி) பற்களுக்காக வந்தது. அதன் வழுக்கலில் சின்க்ரோவுக்கு வேண்டிய உரசல் குறையலாம், சில ஜிஎல்-5 ஆயில்களின் கந்தகச் சேர்மானம் பித்தளைக்கும் ஆகாது. மேனுவல் சொன்னதை ஊற்றியதும் காலைக் கீறல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆயில் மாற்றும்போது ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது வராமல் அடம்பிடித்து, கீழ் பிளக் திறந்து ஆயில் வடிந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. துண்டு துண்டாக இரும்பு வந்தால்தான் கவலை. வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், தங்கப்பொடி போலக் கொஞ்சம் மின்னியது. பித்தளை, தேய்ந்த ரிங்கின் மிச்சம்.

அதற்காக இப்போதே பெட்டியை இறக்க மாட்டேன். ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் கதை வேறு. தொப்பூர் மாதிரி இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து, முதலில் இன்ஜினைத் தாங்கும் மவுண்டைப் பார்த்துவிட்டு உடனே பெட்டியைத் திறந்தாக வேண்டும். நியூட்ரலில் கிளட்சை விட்டால் உறுமி, மிதித்தால் அடங்கினால் இன்புட் ஷாஃப்டு பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். என் வண்டியில் இதுவரை எதுவும் இல்லை.

எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் "கியர் விழலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சூடானால் மட்டுமா, இன்ஜின் ஓடும்போது மட்டுமா, எல்லாக் கியருமா ஒரே கியரா என்று சொல்லுங்கள். அதைக் காதில் வாங்காமலே விலை சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். நான் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டிய நாள் வரும்வரை காத்திருக்கிறேன். அன்று எப்படியும் பெட்டி கீழே வரும், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கோடு செகண்ட் சின்க்ரோவையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறைதான். அதுவரை குளிர்காலக் காலைகளில் செகண்டுக்குப் போகும்முன் நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போடுகிறேன்.