ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்துத் தருகிறோம் என்னும் கடைகளிடம் எச்சரிக்கை

2024 ஜனவரியில் என் மடிக்கணினியில் விண்டோஸ் 10-க்கான ஒரே ஓர் அப்டேட் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்று, 0எக்ஸ்80070643 என்ற பிழை எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து தரும்படி வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்ததில் தொடங்கி, நான்கு மாதங்களுக்குள் 5,900 ரூபாயையும், மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் கோப்புகளையும் இழந்தேன். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் சொன்ன பேச்சை உங்களிடமும் யாராவது சொன்னால் அடையாளம் கண்டுகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைக்காரர், ஹார்ட் டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாக (பார்ட்டிஷன்களாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்து, சி டிரைவைத் தவிர ரெக்கவரி என்ற பெயரில் மூன்று பகுதிகள் இருப்பதைக் காட்டினார். ஒன்று 450 எம்பி, இன்னொன்று 529 எம்பி, மூன்றாவது ஏறத்தாழ 12 ஜிபி. மூன்றுக்கும் நேரே 100 சதவீதம் காலி என்று இருந்தது. "பாருங்க சார், மூணும் சும்மா கெடக்கு. சி-யோட சேத்துட்டா அப்டேட்டும் ஏறும், ஸ்பீடும் கூடும்" என்றார். கண்ணெதிரே திரையே காலி என்று சொல்லும்போது மறுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தத் திரையை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, 2,200 ரூபாய்க்குச் சம்மதித்தேன்.

அந்த 100 சதவீதம்தான் ஏமாற்றின் அடித்தளம். டிரைவ் எழுத்து இல்லாத ரெக்கவரி பகுதிகளின் உள்ளே இருப்பதை டிஸ்க் மேனேஜ்மென்ட் படிப்பதில்லை. ஆகவே அவை நிரம்பி வழிந்தாலும் முழுக்கக் காலி என்றே காட்டும். உண்மையில் என் பிழைக்குக் காரணம் அதற்கு நேர் எதிரானது. கேபி5034441 என்ற அந்த அப்டேட், விண்டோஸ் பழுதடைந்தால் அதைச் சீர்செய்ய உதவும் மீட்புச் சூழலைப் புதுப்பிப்பதற்காக வந்தது. அதற்கு ரெக்கவரி பகுதியில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது, அது இல்லாத கணினிகளில்தான் இந்தப் பிழை தோன்றியது. டிஸ்கில் உள்ளவற்றை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கரைத் தாண்டும் ஒரு பாதுகாப்புக் குறையை அடைப்பதே அதன் நோக்கம். பிட்லாக்கரே போடாத என் வீட்டுக் கணினியில், மற்ற மாதாந்திர அப்டேட்கள் வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்த நிலையில், நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது.

மே மாதத்தில் ஒரு நாள், அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்துவிட்டது. அதன் பிறகு விண்டோஸ் தொடங்கவில்லை. வழக்கமாக இரண்டு மூன்று முறை தொடங்கத் தவறினால், ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குதல் போன்றவை அடங்கிய நீலத்திரை, அதாவது அந்த மீட்புச் சூழல், தானே வரும். எனக்கு அது வரவில்லை, ஏனென்றால் அது குடியிருந்த 529 எம்பி பகுதி சி டிரைவோடு கரைந்துபோயிருந்தது. வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்ப உதவும் கம்பெனிப் பிரதி இருந்த 12 ஜிபி பகுதியும் போய்விட்டிருந்தது. அதே கடைக்குத்தான் மீண்டும் போனேன்; வேறு எங்கே போவது என்று அப்போது தெரியவில்லை. ஃபார்மட் செய்து விண்டோஸ் போட 1,500, புது லைசென்ஸ் கீ 2,200 என்றார்கள். கோப்புகளை எடுத்து வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேக்கப் எடுக்காதது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது என்பதும், அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும் என்பதும் அந்தத் தொழில் செய்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. பில் கேட்டதற்குக் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைத்தது.

என் மைத்துனர் அதே மாடலை என்னோடு அதே நாளில் வாங்கியவர். அவருடைய கணினியிலும் அதே பிழை இருந்தது. நான் எடுத்து வைத்திருந்த படத்தை அவருடைய திரையோடு ஒப்பிட்டபோது அதே மூன்று பகுதிகள், அதே அளவுகள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' என்ற கட்டளையைக் கொடுத்தால், மீட்புச் சூழல் எந்த டிஸ்கின் எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று வரும். டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் பகுதிகளைப் பட்டியலிட்டு அந்த எண்ணை ஒத்துப் பார்த்தோம். 529 எம்பி பகுதிதான் உயிரோடு இருந்தது, அதிலும் காலியிடம் 80 எம்பி-கூட இல்லை. 450 எம்பி பகுதி, முன்பொரு விண்டோஸ் மேம்படுத்தலின்போது இடம் போதாமல் கைவிடப்பட்டது. பழையதில் இடமில்லாதபோது சி டிரைவைச் சுருக்கிப் புதிய பகுதியை உருவாக்கிவிட்டு, பழையதை அப்படியே விட்டுச் செல்வது விண்டோஸின் பழக்கம். கட்டளையில் காட்டப்படாத எல்லாமே வீண் என்றும் எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் கம்பெனிப் பிரதியும் அதில் வராது; பத்து ஜிபி-க்கு மேற்பட்ட அளவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். எஃபிஐ என்று குறித்த சிறிய பகுதியை யார் சொன்னாலும் தொடவே கூடாது, அது போனால் கணினி தொடங்காது.

மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வழிமுறைப்படியே அவருடைய கணினியைச் சரிசெய்தோம். முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்தோம். (பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் 48 இலக்க மீட்பு எண்ணையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.) 'ரீஏஜென்ட்சி /டிசேபிள்' கொடுத்ததும் மீட்புச் சூழலின் கோப்பு சி டிரைவுக்கு நகர்ந்துவிடுகிறது. அதன் பிறகு சி-யை 250 எம்பி சுருக்கி, அதை அடுத்தே இருந்த 529 எம்பி பகுதியை அழித்து, இரண்டும் சேர்ந்த இடத்தில் புதிய ரெக்கவரி பகுதியை உருவாக்கி, வழிமுறையில் உள்ள அடையாளக் குறியீட்டை எழுத்துப் பிசகாமல் அதற்குக் கொடுத்து, '/எனேபிள்' செய்தோம். கைவேலை முக்கால் மணி நேரம், செலவு ஏதுமில்லை. அடுத்த முயற்சியிலேயே அப்டேட் ஏறிவிட்டது. கைவிடப்பட்ட அந்த 450 எம்பி பகுதியை அழிக்கலாமா என்று மைத்துனர் கேட்டார். சி-க்கு ஒட்டினாற்போல் இல்லாத இடத்தை விண்டோஸின் சொந்தக் கருவியால் சி-யோடு சேர்க்க முடியாது என்பதால், அது இன்னும் அங்கேயே கிடக்கிறது.