தோட்டத்துச் சாளையைக் காலி செய்ய எப்படிப்பட்ட வண்டி பிடிக்க வேண்டும்?

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருந்துவிட்டு டவுனுக்கு வீடு மாறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி கட்டி வீடு மாற்றித் தரும் நகரத்து நிறுவனங்களைத் தேடி அலையாதீர்கள். மண்டிக்குத் தேங்காய் லோடு அடிக்கும் உள்ளூர் ஐச்சர் லாரிக்காரரைப் பிடியுங்கள். போன வைகாசியில் நாங்கள் அப்படித்தான் கோவை சிங்காநல்லூருக்கு வந்து சேர்ந்தோம். குறை இல்லாமல் இல்லை, அதையும் சொல்கிறேன்.

எங்களுடையது இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. 2016-இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கறுத்தது. ஆனாலும் மரம் தாங்கிக்கொண்டது. பின்னால் வந்த கேரள வேர் வாடல் நோயை மரத்தால் தாங்க முடியவில்லை. கீற்றுகள் உள்பக்கமாக வளையும், ஓலை மஞ்சளாகும், பாளை கருகும், குரும்பை கொட்டும். நோய் முற்றிய மரத்தைத் தேற்ற மருந்து கிடையாது. வெட்டி அப்புறப்படுத்தி, பக்கத்து மரத்தையாவது காப்பாற்றப் பார்க்க வேண்டும். ரம்பம் ஓடும் சத்தம் கேட்டால் மாமா (என் மாமனார்) எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விடுவார், நட்டவர் அவர். என் வீட்டுக்காரர் கிணற்று மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டத் தெரிந்தவர். கோவையில் பம்ப்செட் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. மகளுக்குப் பள்ளி திறப்பதற்குள் போய்விடுவது என்று முடிவானது.

முதலில் கோவை நிறுவனம் ஒன்றைத்தான் கேட்டோம். கைபேசியில் ஒரு படிவம் அனுப்பினார்கள். கட்டில் எத்தனை, சோபா எத்தனை, டிவி எத்தனை அங்குலம் என்று நீளமாகக் கேட்டிருந்தது. ஆட்டாங்கல்லை எழுத அதில் இடமே இல்லை. போன் செய்து கேட்டால், கல் சாமான், மண்பாண்டம், எண்ணெய், விறகு எதையும் எடுக்க மாட்டோம் என்றார்கள். அவற்றைக் கழித்துவிட்டால் எங்கள் சாளையில் மிஞ்சுவது கட்டிலும் பீரோவும் ஃபிரிட்ஜும்தான். அதற்கு 19,000 ரூபாய் கேட்டார்கள். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

ஐச்சர்க்காரர் ஒரு சாயங்காலம் நேரில் வந்தார். வீட்டுக்குள் வருவதற்கு முன்பு தடத்தைத்தான் பார்த்தார். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பாலத்தில் லோடோடு வண்டி திரும்புமா என்று இறங்கி நடந்து பார்த்தார். தாழத் தொங்கிய மட்டைகளைக் காட்டி, இவற்றை முன்னதாகவே அறுத்துவிடுங்கள், தார்ப்பாயில் சிக்கும் என்றார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து என் மாமியாரிடம் கேட்டார்:

“ஆத்தா, எதை முதலில் ஏற்றுவது, எதைக் கடைசியாக ஏற்றுவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.”

“அடுப்படி கடைசியில் வரட்டும், கண்ணு. வந்த ஆட்களுக்குச் சோறு போடாமல் எப்படி அனுப்புவது?”

அடுத்த கேள்வி, பால் எத்தனை மணிக்குக் கறக்கிறீர்கள் என்பது. இந்த ஒரு கேள்விக்காகவே அவரை நான் சிபாரிசு செய்வேன். தோட்டத்தை விட்டுப் போகிற நாளிலும் மாடு கறந்தாக வேண்டும், சொசைட்டிக்குப் பால் போயாக வேண்டும், கோழியைத் திறந்துவிட்டாக வேண்டும். இது தெரிந்தவர்தான் தோட்டத்துக்காரர்களின் வீட்டைக் காலி செய்ய முடியும். அன்று காலையிலும் என் மகள் கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்ப் பால் ஊற்றிவிட்டு, பாக்கிப் பட்டுவாடாவுக்குக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வந்தாள்.

லோடுமேன்கள் மூன்று பேர். ஆட்டாங்கல் பின்கட்டில் தரையோடு பதித்திருந்தது. சுற்றிலும் கடப்பாரையால் மண்ணைப் பறித்து, ஒரு பக்கம் நெம்பி அடியில் சாக்கைச் சொருகினார்கள்; மறுபக்கம் நெம்பி இன்னொரு சாக்கு. அப்படியே சாக்கின் மேல் வாசல்வரை இழுத்து வந்து, கயிறு கட்டி மூங்கில் தண்டில் கோத்துத் தோள்மாற்றித் தூக்கினார்கள். குழவியைத் தனியாகப் பழைய வேட்டியில் சுற்றி, டிரைவர் கேபினுக்குள் கால்படாத இடத்தில் வைத்தார்கள். மாமியாரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. கல்லை வண்டியின் நடுவில், அச்சுக்கு நேராக வைத்த பிறகே மற்ற சாமான்களை ஏற்றினார்கள்.

ஊறுகாய் ஜாடிகளுக்கு அட்டைப் பெட்டி கிடைக்கவில்லை. களத்தில் கிடந்த தேங்காய் நாரை அள்ளி வந்து, பழக்கூடைக்குள் கனமாகப் பரப்பி, ஒவ்வொரு ஜாடிக்கும் நடுவே தென்னை மட்டையடிப் பன்னாடையைச் சொருகினார் ஒருவர். மாவடு ஜாடியில் ஒரு சொட்டு உப்புநீர்கூடச் சிந்தவில்லை. காசு கொடுத்து வாங்கும் குமிழித்தாளில் இவ்வளவு பத்திரமாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அடுப்படியைச் சொன்னபடி கடைசியில்தான் தொட்டார்கள். மதியம் அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கி, ஓட்டுநருக்கும் லோடுமேன்களுக்கும் இலை போட்டோம். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் கேஸ் அடுப்பு இறங்கியது.

மாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செவலைப் பசுவும் கன்றும் உடுமலையில் நாத்தனார் வீட்டுக்குப் போயின. சாமான் வண்டியிலேயே ஒரு ஓரமாகக் கட்டிவிடலாமே என்று மாமா கேட்டதற்கு, வண்டிக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி மாட்டோடு வேறு சரக்கை ஏற்றக்கூடாது. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, இன்ஜின் பக்கம் முகம் பார்த்து நிற்க வைப்பது நல்லது, கால்நடை மருத்துவரின் சான்று கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. சான்று எங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் கிடைத்தது. ஐச்சர்க்காரரே தனக்குப் பழக்கமான பிக்கப் வண்டி ஒன்றைச் சொல்லிவிட்டார். அந்த ஓட்டுநர் வண்டியை எருமேட்டில் ஒட்டிப் பின்னால் நிறுத்தி, தளமும் மேடும் சமமான பிறகு பலகையைப் போட்டார். உள்ளே மண்ணைக் கொட்டி, அதன் மேல் வைக்கோல் பரப்பினார், குளம்பு வழுக்காது. கன்றை முதலில் ஏற்றியதும் செவலை யாரும் இழுக்காமல் தானாகவே ஏறிவிட்டது.

இனிக் குறைகள். காலை ஏழு மணி என்று சொன்ன ஐச்சர் பத்துக்குத்தான் வந்தது. முந்தைய லோடு களத்தில் தேங்கிவிட்டதாம். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். வாசலில் சாமானை எடுத்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற வயதானவர்களுக்கு அது பெரிய தொல்லை. கம்பு போட்டு வைக்கும் மண்மொடா ஒன்றின் விளிம்பு சிங்காநல்லூரில் இறக்கும்போது உடைந்தது. கேட்டதும் மறுபேச்சில்லாமல் 300 ரூபாய் கழித்துக்கொண்டார் என்றாலும், நாங்களாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. ரசீது தரும் வழக்கம் அவரிடம் இல்லை. வாடகை 6,500, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இரண்டும் சேர்த்து ஆளுக்கு 900, ஓட்டுநர் பேட்டா தனி. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. இறக்குகிற இடத்தில் மாடிப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூலி மாறும். எங்களுக்குத் தரைத்தள வீடு கிடைத்ததால் அந்தப் பேச்சு எழவில்லை. ஆட்டாங்கல்லும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மண்வெட்டி, பாரை, அரிவாள், மட்டை இழுக்கும் தொரட்டி எல்லாவற்றையும் தனி மூட்டையாகக் கட்டி, இதைக் கொண்டு வருவதா வேண்டாமா என்று வண்டிக்காரர் மாமாவிடம் கேட்டார். எங்களிடம் கேட்கவில்லை. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மண்வெட்டியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தோப்பை வாங்கியவருக்கு விட்டுவிடச் சொன்னார். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது கூலியில் சேராத வேலை.

நாள் பார்ப்பதில் ஒரு விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் ஆவணியிலும் தையிலும் வண்டிக்கு அடிபிடியாக இருக்கும். தேங்காய் வெட்டு மும்முரமாக நடக்கிற வாரத்தில் லோடுமேன்களும் கிடைக்க மாட்டார்கள். பக்கத்துத் தோப்புகளில் வெட்டு எப்போது என்று விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள். முன்பணமாக ஆயிரம் ரூபாயாவது கொடுத்து வையுங்கள்.