நெல், உளுந்து, தக்கைப்பூண்டு: பல வருடச் சுழற்சியில் எங்கள் மண்

திருவாரூர் பக்கம் களிமண் வயல். முன்பு குறுவை, தாளடி என்று நெல்லுக்குப் பின் நெல்தான். இப்போது பல வருடங்களாகக் கோடையில் தக்கைப்பூண்டு (மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி), பிறகு சம்பா நெல், அப்புறம் தரிசில் உளுந்து என்று போகிறது.

தழைச்சத்தில் (நைட்ரஜன்) பலன் முதல் போகத்திலேயே தெரிந்தது. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுகிறோம். அந்த வயதில் தண்டு இளசு. கரிமம் (கார்பன்) 20 பங்கு என்றால் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் இருப்பதால் சீக்கிரம் மட்கி நடவுப் பயிருக்குக் கிடைத்துவிடும். அறுத்தபின் நிற்கும் நெல் தாளில் அதே 1 பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 60 பங்குக்கும் மேல். தாளை மட்டும் மடக்கி உடனே நட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துப் போகும். இரண்டையும் சேர்த்து மடக்கியதில் அந்தத் தொல்லை இல்லை. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துத்தான் யூரியா போடுகிறோம், செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது.

உளுந்து போட்டாலே மண்ணுக்கு உரம் என்பார்கள். அது பாதி உண்மைதான். 100 கிலோ உளுந்து வயலை விட்டுப் போகும்போது ஏறக்குறைய 4 கிலோ தழைச்சத்தும் கூடவே போகிறது. செடியை வேரோடு பிடுங்கினால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேர் முடிச்சுகளும் களத்துக்குப் போய்விடும். நாங்கள் அடியோடு ஒட்ட அறுக்கிறோம். கூலி கொஞ்சம் கூடும், ஆனால் வேர் மண்ணிலேயே தங்குகிறது.

கரிமம் விஷயத்தில் பொறுமை வேண்டும். மண் பரிசோதனை முடிவைத் தரும் மண் வள அட்டையில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75 வரை நடுத்தரம். எங்கள் வயல் குறைவிலிருந்து நடுத்தரத்தின் ஓரத்தைத் தொடவே பல வருடம் ஆனது. பசுந்தழை வேகமாக மட்குவதால் நிலைத்து நிற்கும் கரிமம் அதில் கொஞ்சம்தான், தாளும் வேரும்தான் கூடுதலாகத் தருகின்றன. இன்னொன்று, தண்ணீர் நிற்கும் வயலில் காற்று குறைவு, அதனால் கரிமம் மெதுவாகக் கரையும். கோடைப் பருத்தி போட்டு அடிக்கடி கொத்திவிட்ட எங்கள் ஒரு வயலில் அட்டையின் எண் கீழே இறங்கியது. பயிரை மாற்றினாலே கரிமம் ஏறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

சிரமங்களும் உண்டு. தக்கைப்பூண்டு முளைக்கக் கோடை மழையோ போர் தண்ணீரோ வேண்டும், ஆற்றுத் தண்ணீர் வரும்வரை காத்திருந்தால் சம்பா தள்ளிப்போகும். உளுந்தை நெல் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே ஈரத்தில் தெளிக்க வேண்டும், அதன்மேல் அறுவடை மெஷின் ஏறினால் தடம் பட்ட இடமெல்லாம் வெறுமையாகிவிடும். வைக்கோலுக்கு நல்ல விலை கிடைப்பதால் எல்லாவற்றையும் கட்டி ஏற்றிவிடுகிறார்கள், அதோடு சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) போகிறது. நாங்கள் மாட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வயலிலேயே பரப்பிவிடுகிறோம்.