குடும்ப விசாவுக்காக ஊரில் அலைந்த நாட்கள்

இந்த முறை ஊருக்கு வந்தது என் கல்யாணத்துக்கு. 32 நாள் லீவு. கல்யாணம், மறுவீடு, விருந்து எல்லாம் முதல் பத்து நாளில் முடிந்துவிட்டன. மிச்ச நாட்கள் மனைவியின் விசா காகிதங்களுக்குப் பின்னாலேயே போயின. நான் சார்ஜாவில் வேலை பார்க்கிறேன், வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். அடுத்த லீவில் கல்யாணம் வைத்திருக்கும் தம்பிமாருக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

அமீரகத்தில் குடும்பத்தைக் கூப்பிட மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். தங்குமிடம் கம்பெனி கொடுத்தால் 3,000 போதும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். இதையெல்லாம் வருவதற்கு முன்பே சரி செய்து வைத்திருந்தேன். ஊரில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திருமணச் சான்றிதழ் வாங்கி அதற்கு அட்டெஸ்டேஷன், அதாவது அது அசல்தான் என்று அரசு அலுவலகங்களின் முத்திரை, எடுப்பது. ஒரே வேலை என்பதால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் பதிவேட்டிலோ சர்ச் பதிவேட்டிலோ எழுதியதோடு விட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விசாவுக்கு வேண்டியது சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழ். நாங்கள் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, இரண்டு சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட்டோம். சான்றிதழ் அன்றைக்கே கைக்கு வந்தது. வாங்கி மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டு, எதிரே கடையில் சாயா குடிக்கப் போனோம்.

அங்கே பக்கத்து பெஞ்சில் ஓர் ஆவண எழுத்தர் உட்கார்ந்திருந்தார், எழுபது வயதிருக்கும். எங்கள் ஃபைலைப் பார்த்ததும், "வெளிநாட்டுக்கா மக்களே? அப்போ பேரை ஒருக்கா எழுத்துக் கூட்டிப் பாரு. பாஸ்போர்ட்டையும் பக்கத்துல வச்சுப் பாரு" என்றார். இரண்டையும் மேசையில் விரித்து வைத்து மனைவி விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அவள் பெயரின் நடுவில் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு 'ஹெச்' சான்றிதழில் இருந்தது. அவளுடைய அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் முழுசாக இருக்க, இதில் வெறும் இனிஷியலாக நின்றது.

உடனே திரும்பிப் போனோம். கையெழுத்துக்கு முன்பு பார்த்துச் சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருக்கலாமாம்; இனி திருத்தத்துக்குத் தனியாக மனு கொடுக்க வேண்டுமாம். ஆனால் அச்சடித்த நகலை எங்களிடம் யாரும் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. மனு, இடையில் அரசு விடுமுறை, அதிகாரி கேம்ப் போன நாள் என்று எட்டு நாள் கரைந்தது. 32 நாள் லீவில் எட்டு நாள் எவ்வளவு பெரிசு என்பது வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். கையெழுத்தாகும் முன்பு நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறது. அப்படி இருப்பவர்களை விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று 2022 நவம்பர் 21 முதல் அமீரகம் விதி கொண்டுவந்தது. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். முதலில் விசிட்டில் கூட்டிப் போய் அங்கே வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் அட்டெஸ்டேஷன். ஒரு நாட்டு முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் அப்போஸ்டில் உடன்படிக்கை. சவுதி, ஓமான், பஹ்ரைன் மூன்றும் அதில் சேர்ந்துவிட்டதால் அங்கே போகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். அமீரகம் அதில் இல்லை. அதனால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று படி. கடைசியில் அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்திலும் ஒன்று. மாமனார் திருவனந்தபுரத்துக்குப் போய், வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்காவில் கேட்டுவிட்டு வந்தார். தக்கலையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாமே என்பது அவர் கணக்கு. ஆனால் அங்கே கேரளத்தில் கொடுத்த சான்றிதழ்களுக்குத்தான் செய்கிறார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்பு நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். இன்றைக்கு எங்கள் காகிதம் 700 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைத் தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டும். வளைகுடாவுக்கு இத்தனை பேரை அனுப்பும் மாவட்டத்துக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசிலேயே இந்த வசதி வேண்டும். இதை மனதாரக் கேட்கிறேன்.

வெளியுறவு அமைச்சகத்தில் நாமே நேராகக் கொடுக்க முடியாது, அவர்கள் நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அதனால் ஏஜென்ட் தேவைப்பட்டார். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விசாரித்தேன். ஒரே வேலைக்கு ஒருவர் 14,000 ரூபாய் கேட்டார், இன்னொருவர் 8,500 கேட்டார். குறைவாகக் கேட்டவர்தான் எந்தப் படிக்கு எவ்வளவு என்று எழுதியே கொடுத்தார், ரசீதும் கொடுத்தார். அவரிடமே கொடுத்தேன்.

மனைவி நர்ஸ். அங்கே வேலை தேடும் எண்ணம் இருப்பதால் பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தையும் சேர்த்து அனுப்ப எடுத்தோம். அதை மாமனார் லேமினேட் செய்து வைத்திருந்தார். மகள் படித்து வாங்கியது ஈரம் பட்டுப் போகக்கூடாது என்ற அக்கறை. ஆனால் முத்திரையும் ஸ்டிக்கரும் காகிதத்தின் பின்புறத்தில்தான் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் மேல் வைக்க மாட்டார்கள். வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் ஹேர் டிரையர் சூட்டில் ஓரத்திலிருந்து நூல் நூலாக உரித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாமனார் கடைக்குள்ளேயே வரவில்லை, வெளியே வெயிலில் நின்றார். மூலையில் கொஞ்சம் நார் எழும்பியதைத் தவிரப் பட்டம் தப்பியது. கடைக்காரர் கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்தித்தான் கொடுத்தோம். வீட்டில் யாராவது சான்றிதழை லேமினேட் செய்யக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

என் லீவு முடிந்தது, காகிதங்கள் வந்து சேரவில்லை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மனைவியை விட்டுவிட்டுத் தனியாக ஏறினேன். இருபது நாள் கழித்து எல்லா முத்திரையும் விழுந்து, மாமனார் கூரியரில் அனுப்பினார். இந்தியாவில் கடைசி முத்திரை விழுந்தது திருவனந்தபுரத்தில் உள்ள அமீரகத் துணைத் தூதரகத்தில். இங்கே சார்ஜாவில் அரபி மொழிபெயர்ப்பு, அமைச்சக முத்திரை எல்லாம் முடித்து விண்ணப்பித்தேன். நுழைவு அனுமதி வந்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் வந்து சேர வேண்டும். அதன் பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி. பிரசவத்துக்கோ வேறு எதற்கோ ஊருக்குப் போனாலும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் விசா போய்விடும் என்று மனைவியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அனுமதி வந்த அன்று அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்தாள், கையில் பாஸ்போர்ட். இரண்டையும் வைத்துத் தன் பெயரை ஓரோர் எழுத்தாக வாசித்து முடித்துவிட்டு, "சரியா இருக்கு. டிக்கெட் போடுங்க" என்றாள்.