செவ்வாய்ப்பேட்டை ஓவியரிடம் அப்பாவுக்காக வரைந்து வாங்கிய படம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்னக் கடை, அங்கே ஓர் ஓவியர் பழைய சேலத்தை வரைந்து விற்கிறார். நாம் சொல்வதைக் கேட்டும் வரைந்து தருவார். ஆடி மாதம் சேலத்தில் குகை என்ற பகுதியின் மாரியம்மன் கோயிலில் வண்டி வேடிக்கை நடக்கும், சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கரித்த மாட்டு வண்டிகளில் ஊர்வலமாக வருவார்கள். அதில் அப்பா சின்ன வயதில் முருகன் வேஷம் கட்டி நின்றாராம், அதற்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதை வரையச் சொல்லித்தான் போனேன்.

"உங்களுக்கு என்ன தெரியும் தம்பி, அப்பாவுக்குப் போன் போடுங்க" என்றார். அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். மயில் எதில் செய்தது, மாட்டுக் கொம்புக்கு என்ன வர்ணம், பெட்ரோமாக்ஸ் யார் தலையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவரும் குகைக்காரர்தான். பதினான்கு வயதில் சினிமா பேனர் வரையும் இடத்தில் சேர்ந்து, ஸ்டில் மேல் கட்டம் போட்டு அதைத் துணியில் பெரிதாக்கக் கற்றுக்கொண்டவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய்விட்டது, கொஞ்ச நாள் வீடுகளுக்கு வெள்ளையடித்தாராம். அப்புறம் ஒருநாள், 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் இப்போது மிச்சமிருக்கும் அந்த நுழைவாயில் வளைவை வீட்டுச் சுவரில் வரைந்திருக்கிறார், அங்கிருந்துதான் இந்த வேலை ஆரம்பம். நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. அந்த வளைவு கடையில் நாலைந்து படங்களாக மாட்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது விடியற்காலைப் படம், பின்னால் ஏற்காட்டு மலை பாதி மூட்டத்தில் இருக்கும்.

பத்து நாள் என்று சொன்னவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், நடுவில் போன் செய்தால் எடுக்கவும் மாட்டார், அது எனக்கு எரிச்சல்தான். ஃப்ரேம் அவரே வெளியில் கொடுத்துப் போட்டுத் தருகிறார், ஒரு மூலையில் இடைவெளி தெரிகிறது. ஃப்ரேமை நீங்களே போட்டுக்கொள்வது நல்லது.

படத்தில் ஒரு குறையும் இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் வேல் மேல் விரலை வைத்து, "தகரத்த வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டுனது, எங்கண்ணன் செஞ்சான், இந்த ஓரத்துல தாள் பிஞ்சிருக்கும்" என்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன், அந்த ஓரத்தில் தாள் கிழிந்து தகரம் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. பெரியப்பா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அப்பா அவரைப் பற்றிப் பேசியதே இல்லை, அன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடியும்வரை அவர் பேச்சுத்தான்.

இரண்டடிக்கு மூன்றடி படம், 4,500 ரூபாய். பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆடிக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும், வேண்டுமென்றால் சித்திரையிலேயே சொல்லிவிடுங்கள், விஷயம் தெரிந்த பெரியவரைக் கையோடு கூட்டிப் போங்கள்.