காசல்மெய்ன் ஓடையோர நடை: எல்லாம் பிரமாதம், ஓடையைத் தவிர

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, நீங்கள் அடிக்கடி போவீர்களே அந்தக் காசல்மெய்ன் நடை சரிப்படுமா என்று நண்பர் கேட்டிருந்தார். முழங்காலுக்கு நிச்சயமாகச் சரிப்படும். ஆனால் "ஓடைக்கரைக்குப் போகிறோம்" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போகாதீர்கள்.

காசல்மெய்ன், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு சிறு நகரம். வழி பலருக்கும் தெரிந்ததுதான். மெல்பர்னிலிருந்து பெண்டிகோ ரயிலில் ஒன்றரை மணி நேரம். இறங்கி பார்க்கர்ஸ் க்ரீக் என்ற ஓடையின் ஓரமாகத் தாவரவியல் பூங்கா வரை நடந்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, ஊருக்குள் புகுந்து 1862ஆம் ஆண்டுச் சந்தைக் கட்டடத்தைப் பார்த்தபடி நிலையத்துக்குத் திரும்பலாம். பெரும்பாலும் சமதரை. 2023 மார்ச் கடைசியிலிருந்து வெளியூர் ரயிலுக்கும் மெல்பர்ன் நாள் கட்டணம்தான் உச்சவரம்பு என்பதால், செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது.

என் புகார் ஒன்றே ஒன்று. தண்ணீர் கண்ணில் படாது. கரையோரம்தான் நடக்கிறோம், ஆனால் நமக்கும் ஓடைக்கும் நடுவே ஆளுயரத்துக்குச் சம்பும் நாணலும் நிற்கின்றன. பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தால் கொஞ்சம் பளபளப்புத் தெரியும். இங்கே கோடையான ஜனவரியில் அதுவும் இல்லை, அங்கங்கே தேங்கிய குட்டைதான். வருடக்கணக்காகப் போகிறேன், ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஓடையைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 1851 ஜூலையில் ஊருக்கு வடக்கே ஸ்பெசிமன் கல்லி என்ற ஓடைப்பள்ளத்தில் ஓர் ஆட்டிடையர் தங்கத்தைக் கண்டார். செப்டம்பரில் செய்தி பத்திரிகையில் வந்தது. சில மாதங்களில் பல்லாயிரம் பேர் இங்கே வந்து குவிந்தார்கள். தங்கம் கிடந்தது ஆழத்தில் இல்லை, ஓடைப்படுகையின் வண்டல் மண்ணில். ஆகவே படுகையையே வெட்டி, அலசி, புரட்டிப் போட்டார்கள். கழுவிய சேறெல்லாம் கீழே இறங்கி வாய்க்காலை மேடாக்கியது. இந்த மண்ணுக்குரிய ஜாஜா வுருங் மக்கள் இதைத் தலைகீழான நாடு என்கிறார்கள். ஆழமில்லாத, மெதுவாக நகரும், வெயில் படும் தண்ணீர் கிடைத்தால் சம்பு விடுமா?

அந்த வெயில் வந்த கதை ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்து ஓடைகளில் ஐரோப்பிய வில்லோ மரங்களை வெட்டி எடுத்துவிட்டு உள்ளூர் மரங்களை நடுகிறார்கள். வில்லோ ஒடிந்த கிளையிலிருந்தே வேர்விட்டு ஓடையை அடைத்துவிடும், இலையுதிர் காலத்தில் மொத்த இலையையும் ஒரேயடியாகத் தண்ணீரில் கொட்டி அழுகவிடும். காரணங்கள் எல்லாம் சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முப்பத்தெட்டு டிகிரி வெயிலில், நட்ட கன்று இடுப்பளவு நிற்கிற இடத்தில், அந்த நியாயம் தலையில் ஏறாது. வசந்தத்திலேயே வெளியே வரத் தொடங்கும் பாம்பும் அப்போது திரியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு திட்டிவிட்டு எதற்குப் போகிறாய் என்றால், தவளைக்காக. பாஞ்சோ தவளை என்று ஒன்று. வசந்தத்தில், அதாவது இங்கே செப்டம்பர், அக்டோபர் வாக்கில், மழை பெய்த மறுநாள் சாயங்காலம் போனால், அந்தப் பாழாய்ப்போன சம்புக்குள்ளிருந்து தம்பூராவில் ஒரே ஒரு தந்தியை மீட்டிய மாதிரி "டொங்க்" என்று கேட்கும். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று பதில் சொல்லும். ஆளைப் பார்க்க முடியாது, நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சம்பை வெட்டினால் இதுவும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டச் சொல்கிறேன், பாலத்தருகே ஒரு பத்தடி மட்டுமாவது.

பூங்கா 1860இல் தொடங்கியது. 1863இல் வேல்ஸ் இளவரசரின் கல்யாணத்துக்காக நட்ட ஓக் மரம் இன்னும் நிற்கிறது. அம்மாவை அதன் பக்கம் உட்கார வைத்துவிட்டு அப்பாவை ஏரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே நம்மூர்க் கண்மாய்களில் திரியும் நீலத்தாழைக்கோழியின் சொந்தக்காரப் பறவை புல்லில் அலையும். அறிமுகம் தேவைப்படாது, அவரே கண்டுபிடித்துவிடுவார்.

ஓடையோர நடை என்ற கணக்கில் ஐந்துக்கு இரண்டு. அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. நண்பருக்கு என் பதில், அக்டோபரில் போங்கள், அவசியம் போங்கள். வழியில் அப்பா "ஓடை எங்கேப்பா?" என்று கேட்டால் தங்கக் கதையை ஆரம்பித்துவிடுங்கள். அது முடிவதற்குள் ஏரி வந்துவிடும்.